முளைத்த சரக்கு

காபித் தம்ளரை வாயில் வைக்குமுன் பகலவன் அதை மூக்குக்குக் கீழே சற்று நிறுத்துவார். வாழைப்பழம், தலையணை உறை, புதுச்சட்டை எல்லாவற்றுக்கும் இதே மரியாதைதான். "பொண்ணு பாக்க வந்தப்ப என்னை மட்டுந்தான் மோந்து பாக்கல" என்பாள் மனைவி ராசம்மாள்.

பாபநாசத்தில் ஒரு அரிசி ஆலைக்கு நெல் பார்த்து வாங்குகிறவர். சாக்கில் குத்தி எடுத்த நெல்லை உள்ளங்கையில் தேய்த்து, உமியை ஊதி, ஒரு மணியைக் கடிப்பார். "சரக்கு பேசும், நாமதான் காது குடுக்கணும்" என்று சொல்லும்போது கை மூக்கைத் தொடும். இந்த வருஷம் அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ரோட்டில் கொட்டிய குறுவை நெல் அங்கேயே முளைவிட்டது. "முளைச்ச சரக்கு வேணாண்ணே, கோச்சுக்காதீங்க" என்று சொல்லிச் சொல்லி அவருக்கே வாய் கசந்துவிட்டது.

ஸ்காட்ச் விஷயத்திலும் ஊரில் அவர் வைத்ததுதான் சட்டம். ஆலை முதலாளி எப்போதோ ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தார். அறுத்த தாளைக் கொளுத்திய வயல் மாதிரி அதில் புகை அடித்தது. அன்றிலிருந்து, "ஸ்காட்ச்னா பொகை அடிக்கணும். அடிக்கலைன்னா டூப்ளிகேட்." மறுத்துப் பேச யாரும் அதைக் குடித்ததில்லை.

மகள் சுடர்விழி கிளாஸ்கோவில் வேலை பார்க்கிறாள். அங்கேயே முகுந்தைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். இரண்டு வருஷம் கழித்து இப்போதுதான் தலைதீபாவளிக்கு வந்திருக்கிறார்கள். முகுந்தின் தாத்தா நிலத்தில் பகலவனின் அப்பா வேலை செய்தவர். அந்த வீட்டுக் கொல்லையில் கையேந்தித் தண்ணீர் குடித்தவர். இந்தப் பையன் தன்னை மாமனாராகப் பார்க்கிறானா, அந்த ஆளின் மகனாகப் பார்க்கிறானா என்பது பகலவனுக்குப் பிடிபடவில்லை. அவன் வாய் நிறைய மாமா என்கிறான். இவருக்கு மாப்ளை என்ற சொல் நாக்கு வரை வந்து தம்பியாகிவிடுகிறது.

தீபாவளியன்று மத்தியானம், மாடி அறையில், முகுந்த் தான் கொண்டுவந்த பாட்டிலைத் திறந்தான். தனக்கும் மாமனாருக்கும் ஊற்றி, கரண்டியால் தண்ணீர் விட்டான். சுடர்விழி பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு சொட்டுதானா? தீர்த்தம் தெளிக்கிற மாதிரி?"

"அவ்ளோதான் மாமா. அப்பதான் வாசனை திறக்கும்."

பகலவன் முகர்ந்தார். புள்ளி விழுந்த பூவன் பழம் வந்தது. பின்னாலேயே தேன். அடியில் களத்தில் காயும் வைக்கோல். ஒரு வாய் குடித்தார், தொண்டையில் இதமாக இறங்கிற்று. நன்றாக இருந்தது. அதுதான் குழப்பம். புகையைக் காணோம்.

மறுபடி முகர்ந்தார். நமக்கு இது போதும் என்று மட்டமாக எதையோ வாங்கி வந்துவிட்டானா?

"பொகை வரலியே தம்பி?"

"வராது மாமா. இது பீட் போடாதது."

"பீட்ரூட்டா?"

சுடர்விழிக்குச் சிரிப்பில் புரையேறியது. "பீட்ரூட் இல்ல மாமா, பீட். அங்க சதுப்புல வெட்டி எடுக்கிற மண்ணு. அதைக் காயவச்சு எரிப்பாங்க" என்றான் முகுந்த்.

"மண்ணு எரியுமா?"

"அது எரியும். ஸ்காட்ச் காய்ச்சற பார்லியை அந்தப் பொகையில காயவச்சாத்தான் நீங்க சொல்ற வாசனை. இதுக்கு வெறும் சூட்டுக் காத்துதான். ஊறவச்சு, முளைக்க விட்டு, அப்புறம் காயவைப்பாங்க."

"இருங்க. முளைக்க விட்டா?"

"ஆமா. வேணும்னே."

"முளைச்சா அந்தச் சரக்கை எவன் வாங்குவான்?"

"முளைச்சாத்தான் மாமா சரக்கே வரும்."

பகலவன் மகளைப் பார்த்தார். முளை கண்டதற்காகப் போன வாரம் அவர் திருப்பி அனுப்பிய மூட்டைகள் கண்ணுக்குள் வந்து நின்றன. இவன் கேலி செய்கிறானா?

"அப்பா, அரிசில பொகை அடிச்சா வேணாங்கற. இதுல பொகை இல்லேன்னா வேணாங்கற. என்னதான் வேணும் ஒனக்கு?" என்றாள் சுடர்விழி.

அவருக்கும் தெரியவில்லை. "என்னமோ மாதிரி இருக்கு" என்று முனகினார்.

"கெட்ட வாடை ஏதும் அடிக்குதா? குடுங்க." முகுந்த், பக்கத்தில் தன் கிளாஸ் இருக்க, அவர் கையிலிருந்ததை வாங்கி ஒரு வாய் குடித்தான். நாக்கில் உருட்டினான். "நல்லாத்தானே இருக்கு மாமா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வேர்க்கடலை உரிக்கப்போனான்.

பகலவன் வாய் வைத்துக் குடித்த கிளாஸ். தெரிந்து செய்தானா, யோசிக்காமல் செய்தானா? இரண்டில் எது நல்லது?

கீழேயிருந்து ராசம்மாள் சாப்பிடக் கூப்பிட்டாள். பகலவன் கிளாஸை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கி மெல்லச் சுற்றிப் பார்த்தார். விளிம்பில் ஈரம் ஒன்றாகக் கலந்திருந்தது. தன் உதடு பட்ட இடம் எது, அவனுடையது எது என்று பிரிக்க முடியவில்லை. கைக்கு வந்த பக்கத்தை வாயில் வைத்து மிச்சத்தைக் குடித்தார்.