சுவரைப் பார்த்து நின்றவர்

தொண்ணூறுகளில் ஒரு தொலைக்காட்சிப் போட்டி. மாணவர்கள் செய்த ரோபோ தானாகவே தீயைத் தேடிப் போய் அணைக்க வேண்டும். எங்கள் ரோபோவை மடியில் வைத்துக்கொண்டு அடையாறிலிருந்து தி.நகர் அரங்குக்கு ஆட்டோவில் போனோம்.

அங்கே பாதுகாப்புக்கு ஒரு தீயணைப்பு வீரரை நிறுத்தியிருந்தார்கள். காக்கிச் சட்டை, நரைத்த மீசை. இரண்டு விரல்களை அடிக்கடி நாக்கில் தொட்டு ஈரப்படுத்திக்கொண்டே இருந்தார். எங்களைப் போல அவருக்கும் பதற்றம் என்று நினைத்தேன்.

அட்டையால் கட்டிய குட்டி வீட்டுக்குள் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். கேமரா ஓடியது. எங்கள் ரோபோ முதல் வாசலிலேயே திகைத்து நின்றுவிட்டது. சுடர் ஆடி, அட்டைச் சுவர் பக்கம் சாய்ந்தது. அவ்வளவுதான், அவர் பாய்ந்து வந்து திரியை விரல்களால் நசுக்கிவிட்டார்.

"கட்! என்ன சார் பண்றீங்க? அத மெஷின்தான் அணைக்கணும்!" என்று டைரக்டர் கத்தினார்.

"தெரியுது சார். எரியறதப் பாத்துக்கினு சும்மா நிக்கச் சொன்னா கை கேக்க மாட்டேங்குது."

இன்னும் ஒரே ஒரு தடவைதான் என்றார்கள். அவர் தானாகவே போய் அரங்கத்துச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். இந்த முறை ரோபோ தட்டுத்தடுமாறி உள்ளே போய், குட்டி ஃபேனைச் சுழற்றிச் சுடரை அணைத்தது. கைதட்டல் எழுந்தது.

"அணைஞ்சிச்சா, நைனா?" என்று திரும்பாமலே என்னைக் கேட்டார்.

"அணைஞ்சிடுச்சு சார்."

ஆனாலும் வந்து, புகைந்த திரியை ஒருமுறை நசுக்கிவிட்டுத்தான் போனார்.

ஒளிபரப்பான அன்று வீட்டில் எல்லோரும் ரோபோவைப் பார்த்தார்கள். திரையின் ஓரத்தில் ஒரு காக்கி முதுகு தெரிந்தது. பின்னால் கட்டிய கையில் அந்த இரண்டு விரல்களும் ஒன்றையொன்று விடாமல் நசுக்கிக்கொண்டிருந்தன.