இரண்டாவது தடவை

வலது கைக் கட்டைவிரலை ஸ்பேஸ் பட்டன் மேல் வைத்துக்கொண்டு, உதடு அசையாமல் படிக்கிறாள். ஒருமுறை. இன்னொருமுறை. இரண்டாவது முறை முடிவதற்குள் திரையில் எழுத்து மறைந்துவிட்டால் ‘ச்சு’ கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஓட்டுகிறாள்.

“ரெண்டு தடவை படிக்க டைம் இருக்கணும். அதுதான் டைட்டில். இல்லன்னா அது மின்னல்” என்பாள்.

சினிமாப் படிப்பு, மூன்றாம் ஆண்டு. வகுப்பில் மற்ற எல்லாருக்கும் இயக்குநர் ஆசை. இவளுக்கு எழுத்து மேல்தான் கண். ஆகவே எவர் குறும்படம் எடுத்தாலும் டைட்டில் வேலை இவள் தலையில் விழும். கூப்பிடுவதே ‘டைட்டில்’ என்றுதான். பேருந்து ஜன்னலில் கடைப் பலகைகளைப் பார்த்து, “ஐயோ, அந்த ‘ழ’வுக்கு மூச்சு முட்டுது பாரு” என்று பரிதாபப்படுவாள். அவள் கணினியில் ‘ஃபைனல்’ என்று ஒரு கோப்பு இருக்கும். பக்கத்திலேயே ‘இதுதான் ஃபைனல்’, ‘சத்தியமா ஃபைனல்’, ‘அம்மா மேல சத்தியம்’.

தமிழ் எழுத்தைத் திரையில் பறக்கவிடுவது லேசுப்பட்ட வேலை இல்லை. மென்பொருளிடம் விட்டால் ‘கொ’வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் ‘க’ அநாதையாக நிற்கும். அதனால் ஒவ்வோர் எழுத்தையும் தனிப் படமாக வெட்டி, அதற்கு எங்கே கிளம்ப வேண்டும், எங்கே உட்கார வேண்டும் என்று கையாலேயே குறித்துக் கொடுப்பாள். ஒரு வரிக்கு ஒரு வாரம் ஆகும்.

தன் சொந்தக் குறும்படத்தின் கடைசி டைட்டில் அட்டைக்கு மூன்று வாரம் செலவழித்தாள். படத்தின் பெயர் ‘மாற்றுச் சாவி’. எடுத்தது அப்பாவின் கடையில். இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் தெருவில் நிற்க வேண்டிய சாவிக் கடை அது. அப்பா பத்துச் சாவியை உள்ளங்கையில் கொட்டி, கட்டைவிரலால் பல்லைத் தடவி, “இது பீரோ, இது வண்டி, இது யாரோ தொலைச்சுட்டுத் தேடிட்டிருக்கிறது” என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். எழுத்து மட்டும் அவருக்கு அப்படிக் கைவராது. மூன்றாம் வகுப்போடு நின்றவர். “வாய்விட்டுப் படிச்சாத்தான் எனக்கு உள்ள போகும்” என்பார்.

போன மாதம் கல்லூரி அரங்கில் திரையிட்டார்கள். அப்பா கடையைச் சாத்திவிட்டு, சலவைச் சட்டையில் வந்து முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்தார். விளக்கு அணைந்து, திரையில் படத்தின் பெயர் வந்தது. “மா… ற்… று…” என்று முன்வரிசையிலிருந்து குரல் கேட்டது.

“யாருடா அது, ஒண்ணாங் கிளாஸ்லேர்ந்து வந்திருக்கிறது?” என்று பின்னாலிருந்து ஒருத்தன் கேட்டான். அரங்கம் சிரித்தது. இவள் பக்கத்தில் இருந்த வேறு வகுப்புப் பெண் முழங்கையால் இடித்து, “உன் எழுத்துக்கு வாய்ஸ் ஓவர் குடுக்கிறாருடி! யாரு?” என்றாள்.

“தெரியல” என்றாள் இவள். சொல்லிவிட்டுத் தானும் சிரித்தாள். இருபது வருடமாக அந்தச் சிரிப்பை வீட்டில் கேட்டு வருகிறவர் முன்வரிசையில் இருந்தார். அவர் திரும்பவில்லை. குரல் மட்டும் நின்றுபோனது.

ஒன்பது நிமிடம் கழித்துக் கடைசி அட்டை வந்தது. எழுத்துகள் சாவிகளாக வந்து, திரும்பி, ‘டக்’கென்று பொருந்தி, வரியாகி நின்றன. ‘இந்தப் படத்தில் எல்லாப் பூட்டையும் திறந்தவர், என் அப்பா.’ மூன்று நொடி. பிறகு பறந்துபோயின. கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அப்பாவும் தட்டினார்.

பேருந்தில் மெதுவாகக் கேட்டாள். “கடைசில போட்டது படிச்சியாப்பா?”

“எல்லாம் பாத்தேன்மா. எழுத்தெல்லாம் என்னமா பறக்குது!”

என்ன எழுதியிருந்தது என்று அவள் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ‘அப்பா’ என்று திரையில் போட்டவள், இருட்டில் ‘தெரியல’ என்றதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்குமே. அன்றிலிருந்து அவள் காதில் அந்த ஒரு சொல் ஓடிக்கொண்டே இருக்கிறது. இரண்டு தடவை என்று அளந்தாளே, யார் படிக்கிற இரண்டு தடவை?

சனிக்கிழமை ஒரு போட்டியில் படம் மறுபடி ஓடுகிறது. கோப்பை இன்று மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். மணி நாலேகால். சாவி அறுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் மடிக்கணினியைத் திறந்து வைத்திருக்கிறாள். பறக்கும் வேலை முழுவதையும் அழித்தாகிவிட்டது. மூன்று வாரம், ஒரே பட்டனில் காலி. வரி இப்போது சும்மா நிற்கிறது.

“ஒரு டெஸ்ட்டுப்பா. இதப் படி.”

அவர் கையிலிருந்த இரும்புத் தூளைக் கால்சட்டையில் துடைத்தார். வாசலில் பார்சல் கொண்டுபோகிறவர் ஒருவர் சாவிக்காக நிற்பதைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். தொண்டை மட்டும் அசைந்தது.

“சத்தமா படிப்பா.”

“வேணாம்மா. சிரிப்பாங்க.” சொன்னவரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அவளுக்குக் காது மடல் வரை சுட்டது. கணினியைப் பார்த்துக் குனிந்து, வரி நிற்கும் நேரத்தை நீட்ட அட்டையின் வலது ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். ஐந்து நொடி. எட்டு. பதினொன்று. இன்னும் கொஞ்சம். பிறகு ஓடவிட்டாள்.

“அண்ணே, சாவி ஆச்சா?”

“இருங்கண்ணா” என்றாள், தெருவுக்கே கேட்கும்படி. “எங்கப்பா படிச்சிட்டிருக்காரு.”

அப்பா அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு கண்ணைத் திரைக்குத் திருப்பினார். உதடுகள் வரியின் கடைசிச் சொல் வரை போய், அங்கேயே நின்றன. நிறுத்துவதற்காக அவள் கட்டைவிரலை ஸ்பேஸ் பட்டனுக்குக் கொண்டுபோனாள். அதற்குள் அவர் முதல் சொல்லுக்குத் திரும்பிவிட்டிருந்தார், இந்தமுறை வாய்விட்டு. அவள் விரலை எடுத்து உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.