பஞ்சநதத்தின் பிள்ளைக்குப் பால் கொடுத்தவள்

நன்னிலத்துக்குத் தெற்கே, புத்தாற்றை ஒட்டிய சேரியில் இருந்தவள் அம்சம். நடவில் அவள் கை வேகத்துக்கு யாரும் ஈடு கொடுக்க முடியாது. கல்யாணமான மறுவருஷம் புருஷன் முருகையனோடு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டாள். பாதிரியார் மார்த்தாள் என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் மாதா கோயில் பதிவேட்டோடு நின்றுபோனது. முருகையன் கோயிலுக்குப் போனதைவிட விவசாயத் தொழிலாளர் சங்கக் கூட்டத்துக்குப் போனதுதான் அதிகம்.

1970 தை அறுவடையில் கூலியைக் கூட்டிக் கேட்டுச் சங்கம் வேலையை நிறுத்தியது. பண்ணையார் வெளியூர் ஆட்களை வயலில் இறக்கினார். வரப்பில் மறித்து நின்றவர்களில் முருகையனும் ஒருவன். பண்ணைக் காரியஸ்தன் பஞ்சநதம் தடியை ஓங்கி அடித்ததில் முருகையனின் வலது முழங்கை நொறுங்கியது. கட்டுப் போட்டும் கை நிமிரவில்லை. அதன்பிறகு அவனால் அரிவாள் பிடிக்க முடியவில்லை. போலீசில் வழக்குப் பதிவானது. அன்று முதல், கோயிலில் ஜெபம் சொல்லும்போது மன்னிப்பைப் பற்றிய வரி வந்தால் அம்சம் வாயை மூடிக்கொள்வாள்.

அந்த வருஷம் ஐப்பசியில் விடாத மழை. பஞ்சநதத்தின் மனைவி கமலவல்லி ஒரு பெண் குழந்தையைப் பெற்றுவிட்டு நான்காம் நாள் ஜன்னி கண்டு இறந்தாள். பசும்பால் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குடித்ததெல்லாம் வெளியே வந்தது. பாலத்துக்கு மேல் வெள்ளம் ஓடியதால் திருவாரூர் போய்ப் பால்பவுடர் வாங்கவும் வழியில்லை. அம்சத்தின் மகனுக்கு அப்போது ஆறு மாதம். நர்ஸ் சஃபியா முழங்கால் தண்ணீரில் நடந்து அவளைத் தேடி வந்தாள்.

"அந்தாளு புள்ளைக்கா? என்னால முடியாது நர்ஸம்மா."

"நான் உன்னக் கட்டாயப்படுத்த வரல அம்சம். நாளைக்கு வரைக்கும் தாங்காது. அழக்கூடத் தெம்பில்ல, வாய மட்டும் தொறந்து தொறந்து மூடுது."

இதைக் கேட்டதும் அம்சத்தின் ரவிக்கை பாலில் நனைந்துவிட்டது. அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு முருகையனைப் பார்த்தாள். அவன் மழையைப் பார்த்தபடி சொன்னான்: "போறதுன்னா போ. என்கிட்ட கேக்காத."

அவள் போனாள். வீட்டுக்குள் விடவில்லை. மாட்டுக்கொட்டகையில் ஒரு சாக்கை விரித்து, அதன்மேல் குழந்தையைக் கிடத்திவிட்டு பஞ்சநதம் நாலடி தள்ளிப் போய் நின்றான். குழந்தை முதலில் காம்பைப் பற்றத் தெரியாமல் தவித்தது. பிறகு பிடித்துக்கொண்டது. அம்சம் அதன் முகத்தைப் பார்க்காமல் எருமையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தினம் மூன்று வேளை போய் வந்தாள். சேரிப் பெண்கள் சிலர் அவளோடு பேச்சை நிறுத்தினார்கள். எத்தனையாவது நாள் என்று தெரியாது, குழந்தை பாதிக் குடியில் நிறுத்தி அவளைப் பார்த்துச் சிரித்தது. அன்று வீடு திரும்பும்போது அம்சம் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுதாள்.

மார்கழியில் ஒருநாள் பஞ்சநதம் முதல்முறையாக அவளிடம் வாய் திறந்தான்.

"முருகையனக் கோர்ட்ல எதுவும் சொல்ல வேணாம்னு சொல்லு. பண்ணையில காவல் வேல போட்டுத் தரேன்."

"அவரு நடந்ததத்தான் சொல்லுவாருங்க."

"அப்ப நாளையிலேருந்து வரமாட்டியா?"

அம்சத்துக்குக் கேள்வி புரியவே கொஞ்ச நேரம் ஆனது. "புள்ளையா கோர்ட்டுக்குப் போவுது? நான் வருவேங்க," என்றாள்.

இதை வீட்டில் சொன்னபோது முருகையன் கோபப்பட்டான். "உன் மனசுல என்னதான் இருக்கு? அவன மன்னிச்சிட்டியா?"

"தெரியலீங்க. அவன் மூஞ்சியப் பாத்தா இன்னமும் வயிறு எரியுது. ஆனா நம்ம நல்லவங்க ஆன பொறவா ஏசுசாமி நம்மளச் சேத்துக்கிட்டாரு? இருந்தபடியே சேத்துக்கிட்டாரே. நான் மட்டும் அப்பன் யாருன்னு பாத்துப் பால் குடுக்கவா?"

மறுநாள் அவள் கிளம்பும்போது முருகையன் மகனை இடது கையால் வாங்கிக்கொண்டு, "இவன நான் பாத்துக்கறேன். அவசரப்படாமப் போயிட்டு வா," என்றான்.

சித்திரையில் முருகையன் சாட்சிக் கூண்டில் ஏறி நடந்ததை நடந்தபடியே சொன்னான். பஞ்சநதத்துக்கு ஆறு மாதம் சிறை. அடுத்த நாள் காலையில் அம்சம் அந்த வீட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றாள். பஞ்சநதத்தின் தாயார் பிரகதாம்பாள் கதவைத் திறந்தாள். அழுது வீங்கிய முகம். திட்டப்போகிறாள் என்று அம்சம் நினைத்தாள்.

"நீ வரமாட்டேன்னு நெனச்சேன்," என்றாள் பிரகதாம்பாள். பிறகு, "கொட்டகையில வெக்கையா இருக்கு. உள்ள வா," என்று குழந்தையை அவள் கையிலேயே கொடுத்தாள்.

தங்கமணி என்று பெயர் வைத்த அந்தக் குழந்தை அம்சத்தின் மடியிலேயே தவழ்ந்து, எழுந்து நின்றது. அம்சத்தைப் பார்த்துத்தான் முதலில் "ம்மா" என்றது. அதை யாரிடமும் சொல்லாமல் அவள் மனசுக்குள் வைத்துக்கொண்டாள்.

ஐப்பசியில் பஞ்சநதம் விடுதலையாகி வந்தான். இளைத்து, தாடியோடு வாசலில் நின்றவனைக் கண்டு தங்கமணி வீறிட்டுக் கத்தி அம்சத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அவன் நீட்டிய கைகள் அப்படியே நின்றன. அந்த நிமிஷம், அந்தக் கழுத்துப் பிடி அம்சத்துக்குச் சுகமாக இருந்தது. இவனுக்கு இது வேண்டியதுதான் என்றும் தோன்றியது.

பிறகு அவள் குழந்தையின் முதுகைத் தடவினாள். "பயப்படாதடி தங்கம். இது அப்பா. உன் அப்பாதான். பாரு, உன்னப் பாக்கத்தான் வந்திருக்காரு." குழந்தையின் கையைப் பிடித்து அவன் தாடியில் வைத்தாள். மறுபடி அழுதது, மறுபடி வைத்தாள். மூன்றாம் முறை குழந்தை தாடியைப் பிடித்து இழுத்தது.

அம்சம் குழந்தையை அவன் கைகளில் கொடுத்தாள். விரல்கள் பட்டன. அவன் பின்வாங்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அதற்காகக் காத்திருக்கவில்லை. "ராத்திரிக்குப் பருப்புசாதம் மசிச்சுக் குடுங்க. காரம் ஆவாது," என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கமாக இறங்கி நடந்தாள்.