வாத்துக்குக் கோழிக்கால்

1. கல் தேய்ப்பு

சிவகாசியில் லித்தோ பிரஸ் ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்தது ஐம்பதுகளின் நடுவில். முதல் நாளே கல் தேய்க்கும் செக்ஷனில் விட்டார்கள். அதே பிரஸ்ஸில் ஆர்டிஸ்டாக இருந்த என் அப்பா செல்லையா மாடியில் ஜன்னலோரம் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தார். நான் கீழே கணுக்கால் வரை சகதியில் நின்றேன். ஆர்டிஸ்ட் மகன் என்பதால் எனக்குக் கிடைத்த ஒரே சலுகை, என்னைத் திட்டும்போது அப்பா பெயரையும் சேர்த்துத் திட்டினார்கள் என்பதுதான்.

இன்று ஆப்செட்டில் பிளேட் மாட்டி ஓட்டுகிற பிள்ளைகளுக்கு இந்த வேலை தெரியாது. அப்போது படத்தைக் கல்லில்தான் வரைவார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த வழுவழுப்பான கல். எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைந்த இடம் இங்க் பிடிக்கும், மற்ற இடம் தண்ணீர் பிடிக்கும். ஆர்டர் முடிந்ததும் அந்தப் படத்தை அழித்து, அதே கல்லில் வேறு படம் வரைவார்கள். அழிப்பது என் வேலை. கல்லின் மேல் மணலும் தண்ணீரும் போட்டு, இன்னொரு கல்லைக் கவிழ்த்து வைத்துச் சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும். பசை உள்ளே இறங்கியிருக்கும். மேலாகத் தேய்த்தால் கண்ணுக்குத்தான் படம் போகும். மெஷின் ஓட ஓட, உள்ளே கிடந்தது மெல்ல மேலே வந்து காகிதத்தில் விழும். அதனால் தேய்த்த கல்லை நனைத்து, ஈரம் காயும்போது பார்ப்பார்கள். பழைய படம் பாக்கி இருந்தால் அப்போது நிழலாகத் தெரியும்.

2. முதலாளியின் வாக்கு

ஒரு தீப்பெட்டிக் கம்பெனி, கடைகளில் மாட்டுகிற பெரிய ஷோ கார்டுக்கு வாத்துப் படம் கேட்டது. அப்பாவிடம் மாதிரிக்கு ஒரு காலண்டர் படம் கொடுத்தார்கள். அதில் வாத்து நீந்திக்கொண்டிருந்தது. கால் தண்ணீருக்குள். கம்பெனிக்காரருக்கோ வாத்து தரையில் நிற்க வேண்டும். அப்பா எங்கள் வீட்டுக் கோழியைப் பார்த்துக் காலை வரைந்துவிட்டார். முதல் புரூப் பார்த்ததுமே கம்பெனிக்காரர் சிரித்துத் திருப்பி அனுப்பினார்.

முதலாளி பிரஸ்ஸில் அத்தனை பேர் முன்னால் கேட்டார். "ஏன்வே செல்லையா, வாத்துக் காலு சவ்வு வச்சு ஒட்டியிருக்கும்னு ஒமக்குத் தெரியாதா?"

"நம்ம ஊர்ல வாத்து எங்கன இருக்கு மொதலாளி? குடிக்கவே தண்ணியக் காணோம்" என்றார் அப்பா.

திருத்தி வரைவதற்குள் அப்பா படுத்துவிட்டார். நெஞ்சுச் சளி. ஒரு மாதத்தில் போய்விட்டார். முதலாளி பெரிய மாலையோடு வீட்டுக்கு வந்தார். கூட்டம் நன்றாகச் சேரும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார். "செல்லையா கை வச்ச கடைசிக் கல்லு அங்கன இருக்கு. கம்பெனி இருக்க மட்டும் அதத் தேய்க்க விடமாட்டேன். இது என் வாக்கு."

கூட்டம் உருகியது. நானும் உருகி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வீணாய்ப் போன ஆர்டரின் கல்லைச் சும்மா போட்டு வைப்பதற்கு அவருக்கு ஒரு செலவும் இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

எங்கள் வீட்டில் அப்பாவின் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. ஊருக்கெல்லாம் படம் போட்டவருக்குத் தனக்கு ஒன்று எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. அவர் வரைந்த மற்ற கற்களையெல்லாம் தேய்த்தாகிவிட்டது, பாதியை நானே தேய்த்திருக்கிறேன். மிச்சம் இந்த வாத்து மட்டும்தான். ஒரு நாள் அம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அப்பா போன பிறகு அம்மா முதல் தடவை சிரித்தது அன்றுதான். "நம்ம செவலைக் கோழிக் காலுல்லா இது" என்று விரல் விரலாகத் தொட்டுப் பார்த்தாள்.

3. இன்னொரு அப்பா

இரண்டு வருஷம் கழித்து முதலாளியின் அப்பா காலமானார். உயிரோடு இருந்தபோது அவரை பிரஸ் வாசலில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, வருகிறவர்களிடம் "பெருசு ஏதாவது கேட்டா கண்டுக்கிடாதீக" என்று சொன்ன மகன்தான் முதலாளி. செத்ததும் பக்தி பொத்துக்கொண்டு வந்தது. வருஷ நினைவுக்கு அப்பா படம் போட்டு, பல கலரில் காலண்டர் அடித்து, ஏஜெண்டுகளுக்கெல்லாம் அனுப்பப்போவதாக அறிவித்தார். சீசன் நேரம். கலருக்கு ஒரு கல் வேண்டும், பெரிய கல் ஒன்று குறைந்தது.

"அந்த வாத்துக் கல்ல எடுத்துத் தேயிலே" என்றார் என்னிடம்.

"அது எங்க அப்பா கல்லு மொதலாளி. வாக்குக் குடுத்தீகளே."

"கல்லு என்னலே, சாமி சிலையா? அம்புட்டு நல்ல கல்ல வச்சுப் பூசை பண்ணவா சொல்லுதே? எங்க ஐயா ஞாபகத்துக்குத்தானலே கேக்கேன்."

தன் அப்பாவின் ஞாபகத்துக்காக என் அப்பாவின் ஞாபகத்தை அழிக்கச் சொல்கிறோம் என்ற எண்ணமே அந்த முகத்தில் இல்லை. நானாவது முடியாது என்று சொன்னேனா? இல்லை. தலையை ஆட்டிவிட்டுக் கல்லைத் தூக்கிக்கொண்டு போனேன். தேய்ப்பதற்கு முன் ஒரு புரூப் எடுக்க ஐந்து நிமிஷம் போதும். ஆத்திரத்தில் அது தோன்றவே இல்லை. பிரஸ்காரன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு என்ன தகுதி?

வாத்தின் தலையைத் தேய்த்தேன், உடம்பைத் தேய்த்தேன். காலுக்கு வந்ததும் கை ஓடவில்லை. மேலாக நாலு சுற்றுச் சுற்றிவிட்டு நிறுத்தினேன். போர்மேன் சுப்பையா அண்ணாச்சி வந்து, "சுத்தமா முடிஞ்சுதா?" என்றார். முடிந்தது என்றேன். காயவிட்டால் நிழல் தெரியுமே என்று, அவர் குனிந்து பார்க்கிற நேரமெல்லாம் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். ஆர்டிஸ்ட் மகன் சொன்னால் சரியாக இருக்கும் என்று அண்ணாச்சி போய்விட்டார்.

அந்தக் கல்லைக் கடைசிக் கலருக்கு வைத்தார்கள். புரூப் சுத்தமாக இருந்தது. மெஷின் ஓடி ஆயிரம் தாளாவது தாண்டியிருக்கும். முதலாளியின் தாயார் பார்க்க ஆசைப்பட்டார் என்று ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார்கள். அந்த அம்மா தாளைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "கன்னத்துல இது என்னய்யா, கோழி நடந்த மாதிரி?" என்றார்.

மூன்று விரலும் பின்னால் ஒரு கட்டையும், நகம் உட்பட அச்சாக விழுந்திருந்தது.

முதலாளி நேராகச் சுப்பையா அண்ணாச்சியிடம் போனார். "கல்லப் பாத்து விட்டது நீருதானவே? நாளையிலருந்து நீரு வரவேண்டாம்." அண்ணாச்சிக்கு மூன்று பெண்பிள்ளைகள். அவர் என்னைப் பார்த்தார். காட்டிக்கொடுக்கவில்லை. அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை.

"நான்தான் மொதலாளி சரியாத் தேய்க்கல. அண்ணாச்சிட்டப் பொய் சொன்னேன்."

"அப்பனுக்கும் கோழிக்காலு, மகனுக்கும் கோழிக்காலா?" என்றார் முதலாளி. பிறகு அண்ணாச்சியைப் போய் வேலையைப் பார்க்கச் சொல்லிவிட்டு, ஒரு நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் கண் முன்னால் அந்தக் காலை நானே தேய்த்தேன். காயவிட்டுக் காட்டு, காயவிட்டுக் காட்டு என்று நாலு தடவை தேய்க்க வைத்தார். கடைசியில் கல் வெறும் கல்லானது. எனக்குக் கண்ணீர் வந்தது, தண்ணீரோடு தண்ணீராகப் போனது.

சிவகாசியில் வீணான தாள் வெடிக்கம்பெனிக்குப் போய்விடும். குழாயாகச் சுருட்டி மருந்து அடைப்பார்கள். முதலாளி அதற்கும் விடவில்லை. "எங்க ஐயா மூஞ்சியத் தீவாளிக்கு வெடிக்கவா? பூராவும் எரிங்க." எரிக்கிற வேலையையும் என்னிடமே கொடுத்தார். ஒன்றை மட்டும் சட்டைக்குள் சுருட்டிக்கொண்டு மற்றதை எரித்தேன்.

4. கல்யாண வீட்டில்

அந்தத் தாளுக்குக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டினேன். அம்மா ஞாயிற்றுக்கிழமைதோறும் துடைப்பாள், அதுவும் அந்தக் கன்னத்தை மட்டும். தெரியாதவர்கள் வந்து, செல்லையா இவ்வளவு சதைப்பற்றாக இருந்தாரா என்று கேட்பார்கள்.

அறுபதுகளில் எனக்குக் கல்யாணம் நடந்தது. அந்தப் பிரஸ்ஸில்தான் இன்னும் இருந்தேன். முதலாளி பரிவாரத்தோடு வந்தார். சுவரில் தன் அப்பாவைக் கண்டதும் பூரித்துப்போய், "பாத்தீகளா, என் ஆளுக எங்க ஐயா மேல எம்புட்டுப் பாசம்னு" என்று கூட வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டே கிட்டத்தில் போனார். போனவர் அப்படியே நின்றார்.

"எரிக்கச் சொன்னது இங்கன எப்பிடிலே வந்துச்சு? கழத்து அத."

"முடியாது மொதலாளி."

"எங்க ஐயா படம்லே அது."

"எங்க அப்பா படமும் அதான்."

அவர் பந்தியில் உட்காராமல் போய்விட்டார். அவருக்குப் போட்ட இலையில் என் மாமனார் வகையில் ஒருவர் உட்கார்ந்து திருப்தியாகச் சாப்பிட்டார். மறுநாள் எனக்கு வேலை இல்லை. திருத்தங்கலில் வேறு பிரஸ் இருந்தது, போய்ச் சேர்ந்துகொண்டேன்.

தம்பிகளே, வேலையில் மனசுக்கு ஒவ்வாததைச் செய்யச் சொன்னால் வாயைத் திறந்து சொல்லுங்கள். வாயை மூடிக்கொண்டு வேலையில் கள்ளம் செய்தால் பக்கத்தில் நிற்கிற நல்லவன் தலையில்தான் விழும். முதலாளியைப் பற்றி இவ்வளவு ஏளனம் பேசுகிற நானும் அவருக்கு இளைத்தவன் இல்லை. முடியாது என்று கல் இருந்தபோது சொல்லியிருக்க வேண்டும். காகிதம் மட்டும் மிஞ்சிய பிறகு சொன்னேன்.