பீப்பாய் அறையின் சாவி

சல்னெஸ் பள்ளத்தாக்கில் அல்பரீனியோ திராட்சை தலைக்கு மேல்தான் காய்க்கும். கருங்கல் தூண்களின் மேல் பந்தல் போடாவிட்டால் கடல் ஈரம் குலைகளைப் பூசணம் பிடிக்க வைத்துவிடும். அந்தப் பந்தலின் கீழ் கைகளை உயர்த்தியபடியே நாற்பது வயதை எட்டியவள் தொசிந்தா. கணவன் வடகடலில் மீன் பிடிக்கப் போய்விடுவான். கவாத்து, கட்டு, மருந்து, அறுவடை எல்லாம் அவள் கையால்தான். கடல் வற்றும் நேரத்தில் மட்டி தோண்டப் போவதும் அவள்தான்.

ஒயின் ஊறும் பீப்பாய் அறையின் சாவி மட்டும் மாமனார் எலாடியோவின் இடுப்பில் தொங்கியது.

"தூரமா இருக்கியா?" என்று கதவை மறித்துக்கொண்டு கேட்பார். தூரமான பெண் உள்ளே போனால் ஒயின் காடியாகிவிடும் என்று அவருடைய அப்பா சொல்லியிருந்தார். கொடியைத் தொடலாம், குலையைப் பறிக்கலாம், கூடையைத் தூக்கலாம். உழைப்புக்குத் தீட்டு இல்லை. கதவைத் தாண்டினால்தான் தீட்டு. ஒரு வருஷம் ஒரு பீப்பாய் காடியானபோது பழி தொசிந்தா மேல் விழுந்தது. ஊர்ப் பெண்கள்கூட அவளைப் பார்த்து உதட்டைச் சுழித்தார்கள்.

இன்னொரு வருஷம் அறுவடை முடிந்து சாறு பொங்கி அடங்கிய வாரத்தில் எலாடியோ படியில் வழுக்கி இடுப்பை முறித்துக்கொண்டார். பீப்பாய்களை வாய்வரை நிரப்பி மூட வேண்டிய நேரம். காற்று புகுந்தால்தான் ஒயின் கெடும். வீட்டில் வேறு ஆம்பளை இல்லை.

"தூரமா இருக்கியாம்மா?" கட்டிலில் இருந்து கேட்டார்.

"சாவியைக் குடுங்க மாமா."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"நான் போகலைன்னா காத்து போகும். எது பரவாயில்ல?"

அவர் சுவரைப் பார்த்தபடி சாவிக் கயிற்றை அவிழ்த்தார்.

தொசிந்தா அன்று தூரம்தான். அந்த வாரம் முழுவதும் நிரப்பினாள், முகர்ந்தாள், மூடினாள். கெட்டால் ஊர் தன்னை என்ன சொல்லும் என்று தெரிந்தேதான் செய்தாள்.

வசந்தத்தில் வாசலில் லாரல் கிளையைத் தொங்கவிட்டார்கள். வீட்டு ஒயின் விற்பனைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். மத்தி வறுவலும் சோள ரொட்டியுமாகக் கூட்டம் நிறைந்தது. பச்சை ஆப்பிளைக் கடித்த மாதிரி நாக்கில் சுள்ளென்று பிடித்தது கிண்ணங்களில் ஊற்றிய ஒயின்.

"பத்து வருஷத்துல இப்படி ஒண்ணு குடிக்கல, எலாடியோ!" என்று கூவினான் குடிக்க வந்திருந்த ரெமிச்சியோ.

ஊன்றுகோலில் சாய்ந்திருந்த கிழவர் பூரித்தார். "அறை சுத்தமா இருந்துச்சு. பொம்பளைங்களை நேரங்கெட்ட நேரத்துல உள்ள விடாம பாத்துக்கணும்."

தொசிந்தா கையிலிருந்த குவளையை மேசை மேல் வைத்தாள்.

"மாமா, எல்லா பீப்பாயையும் நான்தான் நிரப்பினேன். அன்னைக்கெல்லாம் நான் தூரம்."

கிண்ணங்கள் பாதி வழியில் நின்றன. ஒருவன் தன் கிண்ணத்தை உற்றுப் பார்த்தான். பக்கத்து வீட்டு எர்மித்தாஸ்தான் முதலில் சிரித்தாள்.

"அப்ப ஒவ்வொரு வருஷமும் உன் நாளைப் பாத்துத்தான் அறுவடை வைக்கணும்டி! எனக்கு இன்னொரு கிண்ணம் ஊத்து!"

எலாடியோவின் முகம் சிவந்தது. கிண்ணத்தைக் கீழே வைக்கத்தான் போனார். நாக்கு இன்னும் அந்தச் சுவையில் இருந்திருக்க வேண்டும். மீதியை மெல்ல, கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

"ரெமிச்சியோவுக்கு ஊத்தும்மா, கிண்ணம் காலியா வெச்சிருக்கான்" என்றார், யாரையும் பார்க்காமல்.

மறுநாளிலிருந்து சாவி அவர் இடுப்பில் இல்லை. கதவருகே ஓர் ஆணியில், தொசிந்தாவின் கை எட்டும் உயரத்தில் தொங்கியது.