அம்பிட்டிய டீச்சரின் சீனிக் கணக்கு

1. பெஞ்சில் சரிந்தவர்

டீச்சர் பெஞ்சிலிருந்து சரிந்தபோது, நான் அவர் கையிலிருந்து எடுத்த இரத்தம் டியூபில் இன்னும் சூடு ஆறவில்லை.

"ராஜ், புடிங்க! டீச்சர் உழப் போறாங்க!" என்று ஹாஜியார் கவுண்டருக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார். ஹாஜியார்தான் எங்கள் முதலாளி. கண்டி டவுனில் முன்னால் அவருடைய பார்மசி, அதற்குப் பின்னால் நான் வேலை செய்த சின்ன இரத்தப் பரிசோதனை லெப். புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து சேர்ந்த நான் அங்கேயே தலை நரைத்து ஓய்வு பெற்றேன்.

ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டேன். டீச்சரின் சேலை முதுகுப்புறம் வேர்வையில் நனைந்திருந்தது. கை நடுங்கியது. என்னமோ சொன்னார், நாக்கு புரளவில்லை. அவருடைய கணவர் சிவபாதம் சேர், கையில் சீனி பார்க்கும் மீட்டர் ஒன்றைப் பிடித்தபடி பதறினார்.

"தம்பி, காலமை பாத்தது பதினொண்டு புள்ளி எட்டு! வெறும் வயித்தில! சீனி கூடித்தான் இப்பிடி மயங்கிறா. ஒண்டும் குடுத்திடாதேங்கோ!"

பதினொன்று புள்ளி எட்டு என்பது கனடாக் கணக்கு. அந்த மீட்டர் டீச்சரின் தம்பி கனடாவிலிருந்து அனுப்பியது. அங்கே அளவு வேறு. பதினெட்டால் பெருக்கினால்தான் நம் ஊர்க் கணக்கு வரும். இருநூற்றுப் பன்னிரண்டு. வெறும் வயிற்றுக்கு அது பெரிய எண்தான்.

டீச்சரின் விரலை ஸ்பிரிட்டால் துடைத்து, காயவிட்டு, எங்கள் லெப் மீட்டரில் ஒரு சொட்டு வைத்தேன். நாற்பத்தாறு வந்தது.

ஒரே ஆள். ஒரே காலை. ஒரு மெஷின் சீனி தலைக்கு மேலே என்கிறது, இன்னொன்று காலுக்குக் கீழே என்கிறது. இரண்டு எண்கள் சண்டை பிடித்தால் ஆளைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு வேலை பழக்கியவர் சொல்லியிருந்தார். ஆளைப் பார்த்தேன். அந்த வேர்வையும் நடுக்கமும் சீனி இறங்கியவருக்குத்தான் வரும்.

"ஹாஜியார், வெறுந்தேத்தண்ணி! சீனி அள்ளிப் போட்டு!"

"தம்பி, சீனி குடுத்து அவவைக் கொல்லப் போறீங்களோ?" சேர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் நிலையில் நானும் பிடித்திருப்பேன்.

"சேர், தப்பா இருந்தா பிறகு எறக்கிக்கலாம். இப்ப குடுக்கலைன்னா ஆளே இல்லாமப் போயிருவாங்க. விடுங்க."

விழுங்க முடிகிறதா என்று முதலில் ஒரு மடக்கு கொடுத்துப் பார்த்தேன். விழுங்கினார். ஹாஜியார் தேத்தண்ணியோடு தன் மேசையில் இருந்த கித்துள் மரத்துக் கருப்பட்டியையும் கொண்டுவந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் டீச்சர் தானாகவே அதைக் கையில் வாங்கிக் கடிக்கத் தொடங்கினார். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

2. மீட்டர் வந்த கதை

மங்கையர்க்கரசி டீச்சர் யாழ்ப்பாணத்தவர். சேருக்குக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசு அலுவலகத்தில், வேலை. டவுனைத் தாண்டி அம்பிட்டியவில் மேட்டு வீடொன்றில் வாடகைக்கு இருந்தார்கள். டீச்சர் வீட்டில் கணிதம் ரியூஷன் கொடுத்தார். அவருடைய அம்மாவும் கூட இருந்தார். அம்மாவுக்குச் சலரோகம். நம் பக்கத்தில் சீனி வருத்தம் என்போம். ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். கனடாத் தம்பி அந்த மீட்டரை அனுப்பியதே அம்மாவுக்குப் பார்க்கத்தான். அந்த அம்மாவால் படி இறங்க முடியாது. அதனால் நான்தான் மேடேறிப் போய் இரத்தம் எடுத்து வருவேன். கடைசியில் அந்த வருத்தத்தோடேயே அவர் போய்ச் சேர்ந்தார்.

அதன் பிறகு டீச்சருக்கு ஒரே பயம், அடுத்தது தனக்குத்தான் என்று. தண்ணீர் தாகம் எடுத்தாலும் பயம், இரவில் ஒருதரம் எழுந்து போனாலும் பயம். லெப்புக்கு வந்து ஒரு டெஸ்ட் செய்தால் முடிகிற காரியம். ஆனால் காலம் அப்படி, யுத்தம் நடந்த காலம். டவுனுக்கு இறங்கினால் சோதனைச் சாவடி. அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று இருந்தால் அங்கே நிற்க வைத்து, எங்கே போகிறாய், யாரைப் பார்க்கப் போகிறாய் என்று குடைவார்கள். ஒருமுறை இந்த மீட்டர்ப் பையையே திறந்து, ஊசியையும் பேட்டரியையும் கண்டு, வெயிலில் நிற்க வைத்துவிட்டார்களாம். அன்றோடு டீச்சர் வீட்டிலேயே பார்த்துக்கொள்வது என்று முடிவெடுத்துவிட்டார்.

கணித டீச்சர் அல்லவா, எண்ணைக் கண்டால் நம்பிவிடுவார். தினமும் விடிந்ததும் குத்திப் பார்த்திருக்கிறார். ஒன்பது, பத்து, பதினொன்று. சோற்றை நிறுத்தினார். அதற்கும் இறங்கவில்லை. அலுமாரியில் அம்மாவின் மிச்சக் குளிசைகள், சீனியை இறக்கும் மாத்திரைகள், இருந்தன. பாதி பாதியாகப் போட்டார். அன்று காலை பதினொன்று புள்ளி எட்டைக் கண்டதும் பயத்தில் இரண்டை விழுங்கிவிட்டு, சாப்பிடாமலே சேரைக் கூட்டிக்கொண்டு இறங்கி வந்திருக்கிறார்.

இதையெல்லாம் அவர் பெஞ்சில் சாய்ந்து, கருப்பட்டியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். ஆளில்லாத வீட்டில் இப்படிச் சரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

3. இனித்த விரல்

பேச்சுத் தெளிந்ததும் டீச்சருக்குப் பழைய குணம் வந்துவிட்டது.

"தம்பி, ரெண்டு மெஷினில ஒண்டு பிழை. எது எண்டு பாக்கவேணும்."

"டீச்சர், ஆறுதலா இருங்க. பிறகு பார்க்கலாம்."

"இல்லை, இப்பவே."

என்ன சொல்லியும் கேட்கவில்லை. மற்றக் கையின் நரம்பில் நான் மறுபடி இரத்தம் எடுத்தேன். அதே நேரம் அவர் தன் மீட்டரை எடுத்துத் தன் விரலில் தானே குத்திக்கொண்டார். இருபத்திரண்டு புள்ளி நான்கு காட்டியது.

"நாநூத்தி மூண்டு," என்று அந்த நிலையிலும் மனக்கணக்காகப் பெருக்கிச் சொன்னார்.

"நான் அப்பவே சொன்னனான்!" என்று சேர் தலையில் கை வைத்தார்.

லெப் மெஷினில் எண்பத்தெட்டு வந்தது.

"இந்தக் கனடாச் சாமான வீசுங்க டீச்சர்," என்றார் ஹாஜியார். "சும்மா பயங்காட்டுது. வேற ஒண்டு நான் எடுத்துத் தாரேன்."

நானும் அதைத்தான் சொல்லப் போனேன். டீச்சர் குத்திய விரலையும் பெருவிரலையும் சேர்த்துச் சேர்த்துப் பிரித்துப் பார்த்தார். ஒட்டியது. பிறகு, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிற மனுஷி, குழந்தை மாதிரி விரலை நாக்கில் வைத்தார்.

"தம்பி, இனிக்குது."

விரலைப் பார்த்தபடியே சேர் பக்கம் திரும்பினார்.

"விடியவில இவருக்குத் தேத்தண்ணியோட நான்தானே கருப்பட்டி உடைச்சுக் குடுக்கிறனான். குடுத்திட்டு வந்துதான் குத்திப் பாக்கிறது."

விஷயம் இவ்வளவுதான். யாழ்ப்பாணப் பாதை மூடிக் கிடந்த காலம். சேருக்குப் பழக்கமான பனங்கட்டி வரவில்லை. நம் ஊர்க் கித்துள் கருப்பட்டிக்கு மாறியிருந்தார். கண்டி ஈரத்துக்கு அது இளகிப் போய்க் கையெல்லாம் ஒட்டும். டீச்சர் ஒரு துளி தண்ணீர்கூடக் குடிக்காமல் வெறும் வயிற்றோடு பார்த்தவர்தான். வயிறு வெறுமைதான், கைதான் வெறுமை இல்லை. ஒட்டிய கருப்பட்டியைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டுக் குத்தினால், அந்தச் சின்னச் சொட்டில் டீச்சரின் சீனியோடு கித்துளின் சீனியும் சேர்ந்து ஏறும். மெஷின் பொய் சொல்லவில்லை. கொடுத்ததை அளந்தது.

சேர் அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "என்ர தேத்தண்ணியாலயோ?" என்றார். பாவமாக இருந்தது.

கதை அங்கே முடியவில்லை. அந்தக் குளிசை உடம்பில் நெடுநேரம் நிற்கும். ஏறிய சீனி மறுபடி விழும். ஹாஜியாரின் வேனில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சாவடியில் நிறுத்தியபோது ஹாஜியார் சிங்களத்தில் போட்ட சத்தத்துக்குச் சிப்பாய் அடையாள அட்டையைக்கூடக் கேட்கவில்லை. டீச்சரை வார்டில் வைத்துப் பார்த்து, மறுநாள்தான் விட்டார்கள்.

4. டீச்சர் கேட்ட கேள்வி

குளிசை உடம்பை விட்டுப் போன பிறகு முறையான டெஸ்ட் செய்தோம். வெறும் வயிற்றில் சரியாக இருந்தது. குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்து இரண்டு மணித்தியாலம் கழித்து எடுத்ததில் மட்டும் கொஞ்சம் கூட. டொக்டர் அதைச் சலரோகம் என்று சொல்லவில்லை. வேலிக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள், சாப்பாட்டிலும் நடையிலும் கவனமாக இருங்கள், வருடா வருடம் பாருங்கள், குளிசை வேண்டாம் என்றார்.

ரிப்போர்ட்டை வாங்கிய பிறகும் டீச்சர் எழுந்து போகவில்லை. சேர் வெளியே நின்றார். டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"தம்பி, அம்மான்ர விரலையும் நான்தான் பிடிச்சு அமத்திப் பாக்கிறனான். இதே கையால."

நான் அவரைப் பார்த்தேன்.

"அம்மாவுக்கும் இப்பிடித்தானோ? ஒண்டும் இல்லாததுக்கு நான் சோறு குடுக்காமல் வச்சிருந்தனோ? கடைசியில ஒரு இடியப்பத்துக்கு எவ்வளவு கெஞ்சினவ தெரியுமே..."

டீச்சர் பயந்தது தன் காலை நினைத்து மட்டும் இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சும்மா ஆறுதல் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் டீச்சருக்குக் கணக்கு வேண்டும்.

"டீச்சர், அம்மாவோட காலை எடுத்தது இந்த மீட்டர் வாறதுக்கு முன்னயா, பின்னயா?"

"முன்னம்."

"அவங்களுக்குக் குளிசை கூட்டினது நீங்களா?"

"இல்லை. டொக்டர். இஞ்சத்த ரிப்போர்ட்டைப் பாத்து."

"அந்த ரத்தம் நான் மேடேறி வந்து நரம்பில எடுத்தது. நேரா டியூப்ல போச்சு. அதுல உங்க கையும் படல, கருப்பட்டியும் படல. எப்ப எடுத்தாலும் கூடத்தான் இருந்திச்சு. அம்மாவுக்கு வருத்தம் நெசம் டீச்சர். நீங்க அவங்களைப் பார்த்துக்கிட்டதும் நெசம்."

டீச்சர் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அம்மாவின் செத்த வீட்டில்கூட அவர் இப்படி அழுததை நான் காணவில்லை. நான் பக்கத்தில் இருந்தேன். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, அதை மறைப்பானேன்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வீட்டில் பார்த்த எண்ணைத் தூக்கிக்கொண்டு ஒருவர் பயந்துபோய் வந்தால், எண்ணைப் பற்றிப் பேச முதல், குத்துவதற்கு முன் கை எதைத் தொட்டது என்று கேளுங்கள். சோப் போட்டுக் கழுவி, துடைத்து, காய்ந்த பிறகு குத்தச் சொல்லுங்கள். வீட்டு மீட்டரை மட்டும் நம்பி ஒருவருக்கு வருத்தம் என்று முடிவு கட்டாதீர்கள், நரம்பில் எடுத்துப் பாருங்கள். அடுத்தவர் குளிசையைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். அதோடு எதற்காகப் பயப்படுகிறீர்கள் என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அன்று டீச்சர் அழுது முடித்ததும் எழுந்து, லெப்பின் பின்னால் இருந்த பேசினுக்குப் போனார். சோப் போட்டு நெடுநேரம் கை கழுவினார். துவாயில் விரல் விரலாகத் துடைத்தார். பையிலிருந்து கனடா மீட்டரை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு, கையை நீட்டினார்.

"இப்ப குத்துங்கோ, தம்பி."

ஐந்து புள்ளி நான்கு வந்தது.

"தொண்ணூத்தேழு புள்ளி ரெண்டு," என்றார் டீச்சர். பிறகு வெளியே பார்த்துக் கூப்பிட்டார். "இஞ்சேருங்கோ, வாங்கோ வீட்டை போவம். எனக்குப் பசிக்குது."