தியாகேசன் பகிர்ந்து கொடுத்த சாவிகள்

காரில் உட்கார்ந்ததும் சாவியைப் போட்டுவிட மாட்டார் தியாகேசன். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மினுக்கும் சிவப்பு விளக்குக்கு நேராக அதை முதலில் நீட்டுவார். "பாத்துக்க, ஒரிஜினல்தான்" என்பார். பிறகுதான் திருகுவார். வண்டி கிளம்பினால் முகத்தில் ஒரு நிம்மதி. ஏன் கிளம்பியது என்பது மட்டும் இன்னும் அவருக்குப் பிடிபடவில்லை.

அறுபத்திரண்டு வயது. ஒரத்தநாட்டுப் பக்கம், எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளி இருக்கிறார். ஐந்து ஏக்கர் நஞ்சை, ஒரு போர்செட். மோட்டார் கொட்டகைப் பூட்டுக்கு ஏழு சாவி வெட்டி, அக்கம்பக்கத்து வயல்காரர்கள் ஏழு பேருக்கும் கொடுத்திருக்கிறார். வாய்க்காலில் தண்ணீர் வராத நாளில் யாருக்கு வேண்டுமோ அவரே திறந்து மோட்டாரைப் போட்டுக்கொள்ளலாம். "நான் வெளியூரு போயிட்டா அவன் பயிரு காயணுமா?" என்று கேட்பார். மருந்தடிக்கும் ஸ்பிரேயர், ஏணி, பெரிய அண்டா எல்லாமே அப்படித்தான். "எங்க வீட்டு ஏணிய நான் கண்ணால பாத்து மூணு மாசமாச்சு" என்கிறார் அவர் மனைவி அம்சவல்லி.

போன தை அறுவடை முடிந்ததும் தஞ்சாவூரில் ஒரு பழைய கார் வாங்கினார். ஒரே ஒரு சாவிதான் தந்தார்கள். ஒற்றைச் சாவியை வைத்துக்கொண்டு அவருக்கு இருப்புக் கொள்ளுமா? மறுநாளே கடைவீதிக்குப் போய் ஐந்து நகல் வெட்டிக்கொண்டார். "இது சிப்பு வச்ச சாவிங்க, நகல்ல கதவுதான் தெறக்கும்" என்று வெட்டுகிறவர் சொல்லியிருக்கிறார். தியாகேசன் அதை எப்படி எடுத்துக்கொண்டாரோ! வீட்டுக்கு வந்து ஐந்தையும் கதவில் போட்டுப் பார்த்தார். ஐந்தும் திறந்தன. தெருவில் ஐந்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

முதல் சாவி எதிர்வீட்டு ஆனந்தவல்லிக்கு. அவர் மகள் பூர்ணிமா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். மகன் குணசேகரனுக்கு ஓட்டத் தெரியும். "வலின்னா ஒடனே எடுத்துட்டுப் போங்க. என்னையக் கேக்கவே வேணாம்" என்று சொல்லிவைத்தார்.

போன வாரம் திருவாரூரில் ஒரு கல்யாணம். பிரசவ சமயம், கார் தெருவிலேயே நிற்கட்டும் என்று பஸ்ஸில் போனார். அசல் சாவி அவர் பையிலேயே போய்விட்டது. அன்று மத்தியானம் பூர்ணிமாவுக்கு வலி கண்டது. நகல் சாவிக்குக் கதவு திறந்தது. அவளைப் பின்சீட்டில் ஏற்றினார்கள். குணசேகரன் திருகினான். எஞ்சின் பிடித்து, இரண்டு எண்ணுவதற்குள் அடங்கியது. ஏழெட்டு முறை இதே கதை. கடைசியில் ஆட்டோ பிடித்து வர முக்கால் மணி நேரம் ஆனது. நல்ல வேளை, அது பொய்வலி. இன்னும் நாலைந்து நாள் ஆகும் என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் வந்து கேள்விப்பட்ட தியாகேசன் நடுவாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நம்பி ஏறுன புள்ளய எறக்கிவிட்டுட்டனே" என்றார். எனக்கே என்னவோ போலிருந்தது.

மறுநாள் அவரோடு தஞ்சாவூரில் கம்பெனி ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். சாவிக்குள் இருக்கும் சிப்பை வண்டி அடையாளம் கண்டால்தான் ஓடும் என்று கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாக விளக்கினாள். புதுச் சாவி பதினெட்டாயிரம். அதைக் கேட்டு எனக்குத்தான் தலை சுற்றியது. அவருக்கு வேறு கவலை.

"கதவு தெறக்குது. எஞ்சினும் பிடிக்குது. அப்பறம் எதுக்கும்மா நிக்கிது?"

"திருட்டுப் போகாம இருக்கத்தாங்க சார்."

"அந்தச் சாவிய நான்ல குடுத்தேன்? நானே குடுத்தா அது எப்படிம்மா திருட்டாவும்?"

அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பித் தேதி பார்த்தாள்.

"புதுச் சாவிய வண்டியில பதிய வைக்க, வண்டியும் ஒரிஜினல் சாவியும் மூணு நாள் இங்க இருக்கணுங்க" என்றாள்.

"மூணு நாளா? அதுக்குள்ள வலி வந்துட்டா? கொழந்த பொறக்கட்டும், வர்றேம்மா" என்று எழுந்துவிட்டார். அந்த நீட்டிக் காட்டும் வழக்கம் அன்று திரும்பும்போது ஆரம்பித்ததுதான். எந்தச் சாவியென்று வண்டி பார்க்கிறதாமே, நன்றாகவே பார்த்துக்கொள்ளட்டும் என்று அவர் நினைத்திருக்கலாம்.

தெருவில் வண்டியை நிறுத்தியவர் தன் வீட்டுக்குப் போகவில்லை. நேராக எதிர்வீட்டுக்குள் நுழைந்து சாவியை நீட்டினார்.

ஆனந்தவல்லி பதறிப்போனார். "இருக்குறதே ஒண்ணு. வண்டிக்காரரு நீங்க, ஒங்ககிட்ட இல்லாம எப்படிண்ணே?"

"எனக்கு வேணும்னா வந்து கேக்குறேன் தங்கச்சி. குடுக்கமாட்டியா?"

ஆனந்தவல்லி கையை நீட்டவே இல்லை. சுவரில் நகல் சாவி தொங்கிய ஆணியில் தியாகேசனே அசலை மாட்டினார். நகலை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.